கத்தி யார் கையில்

எங்கள் கடைவீதியில் கைராசிக்காரர் என்று சொன்னால் சலூன்காரரைத்தான் சொல்வார்கள். அவர் கையால் முடிவெட்டிக்கொண்டு போனால் போன காரியம் ஜெயிக்கும் என்று ஒரு பேச்சு. வேலை கேட்டுப் போகிறவர்கள், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர்கள், புது மாப்பிள்ளைகள் எல்லாரும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் போவார்கள். காரியம் கெட்டுப்போனவர்களும் உண்டு. அவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் பக்கத்துத் தையல்கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி பலகை வழியாகக் காதில் விழுந்தது.

நான் சொல்ல வந்தது கைராசிக்காரருடைய சம்சாரத்தைப் பற்றி. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது, பழக்க தோஷம். அப்போதெல்லாம் அவள் கடைக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. துண்டுகளைத் துவைத்து உலர்த்தி மடித்து, பின்வாசல் வழியாக வைத்துவிட்டுப் போய்விடுவாள். நல்ல உயரம். எதற்கும் அவசரப்படாத நடை. யாராவது அவளிடம் தேவையில்லாமல் பேசினால் பதில் சொல்லாமல் அவர்கள் முகத்தையே பார்ப்பாள். பேச்சு தானாக நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, கைராசிக்காரர் கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாத்தியார் கழுத்தில் கட்டின துண்டோடு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கைராசிக்காரருடைய வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. குழறின பேச்சு போகப் போகத் தெளிந்தது. கை மட்டும் திரும்பவில்லை. கோணின வாயை மறைக்க அவர் தாடி வளர்க்க ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் சவரம் பண்ணினவர் முகத்தில் தாடி. யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

கடை சாத்திக் கிடந்தது. அவருடைய அண்ணன் வந்து, சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இடம் கேட்கிறார், விட்டுவிடலாம் என்றார். கைராசிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அடுப்படியிலிருந்து தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடையை விட வேண்டாம், கத்தியை நான் எடுக்கிறேன் என்று சொன்னாளாம்.

“பொம்பளை போய் ஆம்பளைங்க தாடையைப் பிடிக்கிறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றார் அண்ணன்.

“நாலு பேரா நம்ம வீட்டுல உலை வைக்கிறாங்க, மாமா?”

அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். கோபம் தணிய வெகுகாலம் ஆயிற்று. அது வேறு கதை.

கைராசிக்காரர் படுக்கையிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பலூனை ஊதி, அதன் மேல் நுரை பூசி, பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். கத்திக்குச் சரிவு பழக அதுதான் வழி. சில நாட்களுக்கு அந்த வீட்டில் பலூன் வெடிக்கிற சத்தம்தான். அடுத்த வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள். பலூன் வெடிக்காமல் நின்ற பிறகு அவளுடைய தம்பி தன் கன்னத்தைக் கொடுத்தான். லாரி ஓட்டுகிறவன், தைரியசாலி. அந்தச் சமயத்தில் அவனைப் பார்த்தவர்கள், பூனையோடு ஏதாவது சண்டையா என்று கேட்டார்கள். “தோலை நல்லா இழுத்துப் பிடி. கத்தியை அழுத்தாத. அதுபாட்டுக்குப் போகும்” என்று கைராசிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லும்போது அவருடைய இடது கை காற்றில் அசையும்.

பிறகு ஒரு நாள் அவள் கடையைத் திறந்து, தரையைக் கழுவி, வெந்நீர் வைத்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி வைப்பாள். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை அவளும் நிமிர்ந்து பார்ப்பாள். முதலில் வந்து உட்கார்ந்தவர் மில் காவல்காரர். அவருக்கு ஒரு கண் தெரியாது, இன்னொன்றில் புகை மூட்டம். “யாரு பண்ணினா என்ன, எனக்கா தெரியப்போகுது” என்றார். இரண்டாவது ஆள் நான். துணியை வெட்டும்போது தப்பினால் வேறு துணி இருக்கிறது, மூஞ்சிக்கு மாற்று கிடையாதே என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அசையாம இருங்கண்ணே” என்றாள்.

கத்தி கன்னத்தில் இறங்கினதே தெரியவில்லை. கைராசிக்காரரிடம் எத்தனையோ வருஷம் பண்ணிக்கொண்டவன் நான். பொய் சொல்லக் கூடாது. அவருடையதைவிட இவள் கை மெதுவான கை, ஆனால் சுத்தமான கை. நான் கன்னத்தைத் தடவிக்கொண்டே வீதியில் ஒரு நடை போய் வந்தேன். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கைராசிக்காரரும் எழுந்து நடமாடினதும் கடைக்கு வந்து வாசலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். முடிவெட்டி முடிந்ததும் பின்னந்தலையைக் காட்டக் கைக்கண்ணாடியை இடது கையில் பிடிப்பது அவர் வேலை. வந்தவர்களிடம் ஊர்க்கதை பேசுவதும் அவர் வேலை. வருஷம் ஒன்றிரண்டு ஓடின பிறகு, அந்தக் கடையில் கத்தி பிடிப்பது ஒரு பெண் என்பது வீதிக்குப் பழகிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் படக்காரர் வந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு தேசம். நெட்டையான ஆள், நரைத்த மீசை, எந்நேரமும் மடியில் ஒரு அட்டை. நம் பக்கத்து நாடுகளில் எல்லாம் சுற்றி, சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் போடுகிறாராம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கரிப் பென்சிலால் கிறுகிறு என்று போடுவார். மூட்டைக்கு மேல் படுத்துத் தூங்குகிற கூலியாள், பஸ்ஸைக் கழுவுகிற கிளீனர், பாத்திரக்கடை வாசலில் பேரம் பேசுகிற பெண்கள் என்று எல்லாம் அந்த அட்டையில் ஏறின. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அவரைக் கண்டதும் தலையைச் சீவிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். அவர் கையை ஆட்டி மறுத்துவிடுவார். நம் மொழி ஓரளவு பேசுவார். உடைந்து உடைந்து வரும், அர்த்தம் புரியும். “நிக்காதீங்க. வேலை பாருங்க. நடக்கிறது மட்டும் நான் போடுறேன்” என்பார். டீக்கடையில் இதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி எல்லாரும் சிரிப்போம்.

சலூனையும் போட்டார். நாலைந்து நாள் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டார். தங்கச்சி தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, கையில் வேலை இருந்தது. படத்தை அவர் யாருக்கும் காட்டவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பிரேம் கடை உண்டு. அந்தக் கடைக்காரர் படக்காரரிடம் கேட்டு, சில படங்களை அச்சடித்துக் கண்ணாடி போட்டு வாசலில் விற்பனைக்குத் தொங்கவிட்டார். அதில் சலூன் படமும் ஒன்று. பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் முழுவதும் பார்த்தது. நானும் பார்த்தேன். அருமையான படம்தான். சுவரில் சாய்ந்திருந்த நிலைக்கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணம், நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்த மில் காவல்காரர், எல்லாம் அச்சு அசல். ஆனால் கத்தியைப் பிடித்து நின்றவர் கைராசிக்காரர். வலது கையில், நிமிர்ந்து, தாடியில்லாமல். வாசலோர முக்காலியில் கைக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள்.

நான் இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் புதுசு புதுசாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படத்துல இருக்கிறவர் எங்கே என்று கேட்பார்கள். கைராசிக்காரர் பேச்சை மாற்றுவார். தங்கச்சி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வாள். சிலர் உட்கார்ந்தார்கள், பலர், பிறகு வருகிறோம் என்று நழுவினார்கள். ஒரு நாள் ஜரிகைத் துண்டு போட்ட ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தங்கச்சி நுரை பூசி முடித்துக் கத்தியை எடுத்ததும் கண்ணைத் திறந்தார்.

“நீ எதுக்கும்மா எடுக்கிற? அவரைக் கூப்பிடு. நீ கண்ணாடி பிடிக்கிறவதானே?”

நான்தான் பண்ணுகிறேன் என்று அவள் சொன்னதும் அவர் எழுந்து, முகமெல்லாம் நுரையோடு வீதியைத் தாண்டி அடுத்த சலூனுக்கு நடந்தார். வீதி வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

தங்கச்சி கத்தியைக் கழுவித் துடைத்து மடக்கினாள். அன்று மத்தியானம் கைராசிக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் என் கடைக்குள் வந்து, படக்காரர் தங்கியிருக்கிற இடம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். “நீங்களும் வாங்கண்ணே. அவர் பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது” என்றாள். அரைகுறையாகத் தைத்த சட்டையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுந்தேன்.

லாட்ஜின் மாடியறை. அறைக்குக் குறுக்கே கொடி கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் வீதி முழுக்க அந்தக் கொடியில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். தங்கச்சி உட்காரவில்லை. நடந்ததைத்தான் போடுவேன் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, எங்கள் கடையில் மட்டும் நடக்காததைப் போட்டது ஏன் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அளவு கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“இந்தப் படத்துக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு. அதை அழிச்சிட்டு வேற ஒருத்தர் பேரைப் போட்டா சும்மா இருப்பீங்களா, ஐயா?”

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்க வீட்டுக்காரர் கேட்டார்” என்றார்.

அவர் உடைந்த மொழியில் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒரு மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கைராசிக்காரர் அவரைக் கடைக்குள் கூப்பிட்டிருக்கிறார். மடங்கியிருந்த வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தியை அதில் சொருகி, விரல்களை அதன் மேல் மூடி, கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டியிருக்கிறார். இந்த மாதிரி போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். “நான் முடியாது சொல்ல முடியல” என்றார் படக்காரர்.

தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காமல் கொடியில் தொங்கிய பஸ் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, வந்த காரியம் இத்தோடு முடிந்தது, கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பினபோது முகம் பழையபடிதான் இருந்தது.

“அவருக்குப் போட்டது அவருக்கு இருக்கட்டும். அதைக் கிழிக்கச் சொல்லல. எனக்கு நடக்கிறதைப் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க.”

வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவரும் வருகிறேன் என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் கடைசி ஆளும் போன பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: “என்னங்க, நாளைக்குப் படக்காரர் வர்றார். திரும்பப் படம் போடப்போறார். நீங்களும் இருக்கணும்.”

“நான் எதுக்கு? கண்ணாடி பிடிக்கிறவன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியணுமா?”

“நான் மட்டும் கண்ணாடி பிடிக்கிறவளாத் தெரியலாமா?”

முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல் தாழ்ந்து வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கையில் கத்தி இருந்த மாதிரி இன்னொரு தடவை பார்க்கணும் போல இருந்தது, வேறொன்றும் இல்லை என்றார்.

“பார்த்துட்டீங்க இல்ல” என்றாள் அவள். குரல் இளகியிருந்தது, ஆனால் வளையவில்லை. “அந்தப் படத்துல ஒண்ணு வாங்கி வீட்டுல மாட்டுவோம். தினம் பாருங்க. கடையில நடக்கிறது கடையில இருக்கட்டும்.”

மறுநாள் படக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். இந்தத் தடவை டீக்கடை பெஞ்சில் உட்காராமல் கடைக்குள்ளேயே, என் பலகைத் தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கைராசிக்காரரைக் காணவில்லை. விடிந்ததும் எங்கோ கிளம்பிப் போய்விட்டார் என்றாள் தங்கச்சி. மில் காவல்காரர் வந்தார். படம் என்றதும், போன தடவையே காலை நீட்டி உட்கார்ந்து மரத்துப்போச்சு, ஆளை விடு தாயே என்று போய்விட்டார். நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கண்ணே என்றாள். அவள் கண் வீதிமுனையிலேயே இருந்தது.

வெயில் படி ஏறின நேரத்தில் கைராசிக்காரர் வந்தார். செருப்பெல்லாம் புழுதி. ஊரைச் சுற்றியிருக்க வேண்டும். வாசலில் முக்காலி இருந்தது, அதில் கைக்கண்ணாடி இருந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளே வந்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தார்.

“எனக்குப் பண்ணு” என்றார்.

அவள் கையை அவர் ஒரு நாளும் தன் முகத்தில் பட விட்டதில்லை. கற்றுக்கொடுத்தவர் அவர், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தங்கச்சி துண்டை உதறிக் கழுத்தில் கட்டினாள். முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தாள். வெந்நீர்த் துணியால் ஒற்றினாள். நுரை பூசினாள். கத்தியை எடுத்தாள். இழுத்துக்கொண்டிருந்த கன்னத்தில் தோல் தளர்ந்து மடிந்து கிடந்தது. அங்கே கத்தி போடுவது லேசில்லை. அவள் விரலை அவருடைய வாயோரத்தில் ஊன்றி, கோணலைத் தன் பக்கமாக இழுத்து நேராக்கிப் பிடித்துக்கொண்டு வழித்தாள். அந்த ஒரு நிமிஷம் பழைய முகம் அப்படியே தெரிந்தது. கைராசிக்காரர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எதிர்க் கண்ணாடியில் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுத்தாத” என்றார் ஒரு இடத்தில்.

“பேசாம இருங்க” என்றாள்.

படக்காரரின் பென்சில் நிற்கவே இல்லை. வீதியில் கூட்டம் கூடிவிட்டது.

படம் முதல் படம் அளவுக்கு அழகில்லை. எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். அவசரமாகப் போட்டது, கோடுகள் அங்கங்கே அடித்துத் திருத்தியிருந்தன, வாயோரம் ஊன்றின விரலை மட்டும் பல தடவை அழித்துப் போட்டிருந்தார். தங்கச்சி வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். சரி என்றாள். அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போனாள். பழைய படத்தைக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் இதையும் மாட்டுங்கள் என்றாள். அதுதானே நன்றாக விற்கிறது, இதை யார் பார்ப்பார்கள் என்று கடைக்காரர் முணுமுணுத்தார். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். அவர் ஆணி அடிக்கிற வரைக்கும் நின்றாள்.

படக்காரர் அந்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார். பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வந்து ஒரு சவரம் பண்ணிக்கொண்டு போனார். மீசையைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு நழுவுகிறவர்கள் நழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் யார் பண்ணுவது என்று தெரிந்தே வருகிறவர்கள் கூடினார்கள். கை கால் விழுந்த அப்பாக்களைப் பிள்ளைகள் ரிக்ஷாவில் வைத்துக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். வரமுடியாதவர்கள் வீட்டுக்கு, மத்தியான நேரத்தில், தங்கச்சியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். படுக்கையில் கிடக்கிறவர் முகத்தை எப்படித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும் என்று டாக்டர் வீட்டில்கூடச் சொன்னார்களாம். போகிற வீட்டுக்கெல்லாம் கைராசிக்காரரும் கூடப் போவார். படுத்திருக்கிறவரிடம் பேச்சுக் கொடுப்பதில் அவருக்கு ஈடு கிடையாது.

சில வருஷம் கழித்து வீதியை அகலப்படுத்தினார்கள். எங்கள் வரிசை முழுவதையும் இடித்தார்கள். நான் மகன் வீட்டோடு போனேன். தங்கச்சி ஊரெல்லாம் அலைந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்தாள். கட்டிடக்காரர் கறார் பேர்வழி. பேசி முடிக்க நானும் கூடப் போயிருந்தேன். அவர் எங்களை உட்கார வைத்து, தங்கச்சியை விட்டுவிட்டுக் கைராசிக்காரரைப் பார்த்தே எல்லாம் கேட்டார்: என்ன கடை, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், தண்ணீர் எவ்வளவு வேண்டும். தங்கச்சி பதில் சொல்லச் சொல்ல, அடுத்த கேள்வியும் அவரிடமே போனது. கைராசிக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

“சலூன் அவளோடதுங்க. வேலை பார்க்கிறது அவ. நான் கூட இருக்கிறவன். எதுவா இருந்தாலும் அவகிட்டயே பேசுங்க.”

கட்டிடக்காரர் ஒரு தடவை அவரைப் பார்த்தார், ஒரு தடவை தங்கச்சியைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டார். அவள் சொன்னாள். வாசலில் குழாய் வேண்டும், உள்ளே வெளிச்சத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும், அது இல்லாமல் வரமாட்டேன் என்றும் சொன்னாள். ஜன்னலுக்கு அவர் ஒப்புக்கொள்ள மறுத்தார். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, வாங்க போகலாம் என்று எங்களைப் பார்த்தாள். நாங்கள் படியிறங்குவதற்குள் ஜன்னலுக்கும் அவர் சரி என்றுவிட்டார்.